கலிமான்

அருணகிரிநாதர் முருகனின் மயிலைப் பாடும் இடங்கள் சிலவற்றில் அவர் கண்முன் நிற்பது குதிரை. கந்தரனுபூதியின் முதல் பாட்டிலேயே மயில் பறவையாக வருவதில்லை, ஆடுகிற பரியாக வருகிறது. கந்தரலங்காரத்தில் இது இன்னும் விரிகிறது. அங்கே மயிலுக்குக் கடிவாளம் உண்டு. அதைப் பிடித்திருக்கும் வேலவனின் பிடி சற்றும் தளரவில்லை. சாட்டையும் உண்டு. வாகனம் விசைகொள்கிறது. அதன் பீலிக்கொத்து அசைந்த காற்றில் மேரு அசைகிறது. அது அடியெடுத்து வைத்ததும் எட்டுத் திசை மலைகளும் தூளாகின்றன, அந்தத் தூள் கடலைத் தூர்த்து மேடாக்குகிறது. அதே நூலில் முருகனை அவர் ராவுத்தன் என்றும் அழைக்கிறார். ராவுத்தன் என்றால் குதிரை வீரன். மயிலேறும் தெய்வத்துக்கு இதைவிடப் பெருமையான பட்டம் 15-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கவிஞருக்குத் தோன்றவில்லை. அந்தப் பட்டத்தைத் தங்கள் பெயராகவே கொண்ட ராவுத்தர்கள் இன்றும் பழனியிலும் திண்டுக்கல்லிலும் தலைமுறைகளாக வாழ்கிறார்கள்.

இந்தப் பாட்டில் என்னை மீண்டும் மீண்டும் இழுப்பது மலை தூளாவது அல்ல. கடிவாளமும் சாட்டையும் ஒரே மூச்சில் வருவதுதான். ஒன்று நிறுத்துகிறது, மற்றொன்று விரட்டுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே உடம்பின் மேல் விழும்போது குதிரை என்ன செய்யும்? முன்னே பாய வழியில்லை, சும்மா நிற்கவும் முடியாது. உள்ளே திரண்ட விசை மேலே எழும்பும். முன்னங்கால்கள் மடங்கித் தரையை விட்டு எழும், கழுத்து வில்லாக வளையும், பிடரி சிலிர்க்கும், பின்னங்கால்கள் மட்டும் மண்ணை மிதித்துத் துள்ளும். ஆங்கிலத்தில் இதற்கு ‘கர்வெட்’ என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. இன்று அங்கேயும் பழைய நூல்களில்தான் அது கண்ணில் படுகிறது.

வேடிக்கை பார்க்கிறவருக்கு இது குதிரையின் ஆனந்தக் கூத்தாகத் தெரியும். குதிரைக்கு இது எளிதான காரியமல்ல. நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன, தலையும் நீண்ட கழுத்தும் அந்தப் பக்கம் இருப்பதால். முன்னுடம்பைத் தூக்க வேண்டுமென்றால் பின்னங்கால்களை வயிற்றுக்கு அடியில் வெகுதூரம் கொண்டுவர வேண்டும். பின்மூட்டுகள் மடங்க வேண்டும், இடுப்பு தாழ வேண்டும், முதுகு கூன வேண்டும். சில நூறு கிலோ எடை இரண்டு குளம்புகளின் மேல் வந்து நிற்கும். முதுகில் ஓர் ஆளும் இருப்பார். இதைச் சில நொடிகள் தாங்கி நிற்கிற வலு ஒரு குதிரைக்கு வர ஆண்டுக்கணக்கான பழக்கம் வேண்டும். வியன்னாவிலுள்ள ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியில் 16-ஆம் நூற்றாண்டிலிருந்து இதையே ஒரு கலையாகக் காத்து வருகிறார்கள். லிப்பிசானர் என்ற வெள்ளைக் குதிரைகள், இசை, மாடம் சூழ்ந்த பெரிய கூடம். முப்பது, முப்பத்தைந்து பாகைச் சாய்வில் உடம்பை நிறுத்துவது ஒரு நிலை. அந்த நிலையிலேயே பின்னங்காலால் குதித்துக் குதித்து முன்னேறுவது இன்னொன்று. நான்கு காலும் அந்தரத்தில் இருக்கப் பின்னங்கால்களை உதைத்து நீட்டுவது அதற்கும் மேல். அந்தப் பள்ளியிலும் எல்லாக் குதிரைக்கும் இவை வருவதில்லை. எது எதற்கு ஏற்றது என்று பார்த்துத்தான் பழக்குகிறார்கள்.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய செனோபன் இந்தத் துள்ளலின் மூலத்தைத் தொட்டுவிட்டார். பெட்டைகளின் நடுவே நிற்கிற ஆண் குதிரை யாரும் சொல்லாமலே கழுத்தை வளைத்து, காலைத் தூக்கி வைத்து, வாலை உயர்த்தித் தன்னைக் காட்டிக்கொள்கிறது. அதற்கு ஏற்கெனவே தெரிந்த அந்த ஆட்டத்தை அது விரும்பி ஆடும்படி செய்வதுதான் பழக்குகிறவரின் வேலை என்பது அவருடைய கருத்து. அடித்து ஆடவைத்தால் குதிரைக்கு எதுவும் புரியாது, பார்க்கவும் அழகிருக்காது, நாட்டியக்காரரைச் சவுக்கால் அடித்து ஆடச் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும் என்கிறார். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் குதிரையைப் பற்றி இதைவிட நேர்மையான ஒரு பேச்சை நான் படித்ததில்லை.

தமிழ்நாட்டில் கதை வேறு. மாடு இந்த மண்ணின் பிராணி. காங்கேயம் காளைக்கு இந்தப் புல்லும் வெயிலும் போதும். குதிரை கப்பலில் வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் இறங்கிய பொருள்களைச் சொல்லும்போது பட்டினப்பாலை கடல்வழி வந்த குதிரைகளையும் சேர்த்தே சொல்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்தும் நிலைமை மாறவில்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஆளுக்கு இரண்டாயிரம் குதிரைக்கு மேல் ஆண்டுதோறும் வாங்குகிறார்கள், ஆண்டு முடியும்போது அதில் நூறுகூடத் தேறாது என்று எழுதினார். ஹோர்முஸ், ஏடன் பக்கத்திலிருந்து குதிரைகளை ஏற்றி அனுப்பும் வணிகர்கள் குதிரை வைத்தியமும் லாடமும் தெரிந்தவர்களை மட்டும் இங்கே வரவிடுவதில்லை, குதிரைகள் செத்துக்கொண்டே இருந்தால்தான் வியாபாரம் நடக்கும் என்பது அவர் சொல்லும் காரணம். வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் குதிரைக்குத் தீனியாகப் போட்டதாகவும் சொல்கிறார். வெளியூர்க்காரரின் மிகை இதில் கொஞ்சம் இருக்கலாம். ஆனாலும் மாணிக்கவாசகர் கதையோடு சேர்த்துப் பார்த்தால் இதன் கனம் புரியும். பாண்டியன் கஜானாவைத் திறந்து தன் அமைச்சரான மாணிக்கவாசகரிடம் கொடுத்தனுப்பியது குதிரை வாங்கத்தான். பணம் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குப் போனது. குதிரைக்குப் பதில் நரிகள் பரியாகி மதுரைக்கு வந்து, இரவோடு இரவாகத் திரும்பவும் நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. இன்றும் மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இந்த லீலை நடக்கிறது. ஓர் அரசனுக்கு நேரக்கூடிய மிகப் பெரிய நட்டம் எது என்று கேட்டால் இந்த நாடு குதிரையைச் சொல்லியிருக்கிறது.

கிடைப்பது அரிது, கிடைத்தாலும் நிலைப்பதில்லை. அப்படிப்பட்ட பிராணியின் மேல் ஒரு நாட்டுக்கு ஆசை எவ்வளவு மூண்டிருக்கும் என்பதைத் திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் பார்க்கலாம். வரிசையாக எழும்பி நிற்கின்றன கற்குதிரைகள். மேலே வீரன், காலடியில் புலி, புலியோடு மல்லுக்கு நிற்கும் காலாட்கள். வேலூர்க் கோட்டையின் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்திலும் இதே பாய்ச்சல் உண்டு. இந்தச் சிற்பங்களுக்குக் கீழே நின்று முன்னங்கால் குளம்பு எதன் மேல் இறங்குகிறது என்று பாருங்கள். அடியில் நிற்கும் வீரனின் கேடயத்திலோ தலையிலோ ஆயுதத்திலோ அது தொட்டுக்கொண்டிருக்கும். கதைக்காக மட்டும் அந்த வீரனை அங்கே நிறுத்தவில்லை. கருங்கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. அந்தரத்தில் நீளும் கல் தன் கனத்தாலேயே முறிந்துவிடும். அதனால் சிற்பி துள்ளும் உடம்புக்கு அடியில் போரை வைத்தான். முட்டுக் கொடுக்க வேண்டிய இடமெல்லாம் ஓர் ஆள், ஒரு விலங்கு, ஓர் ஆயுதம். முதுகுப் பக்கம் தூணோடு தூணாக ஒட்டியிருக்கும். இவ்வளவு கட்டுக்குள்ளும் அந்தக் கழுத்துத் திருகலில், நாசி விரிப்பில், பல் தெரியும் வாயில், இப்போதே கடிவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும் போன்ற திமிர் இருக்கிறது. ஐரோப்பாவிலும் இதே சிக்கல் இருந்தது. பின்னங்கால்களில் மட்டும் நிற்கிற பெரிய வெண்கலக் குதிரை 1640-இல்தான் சாத்தியமாயிற்று, இன்று அது மாட்ரிட் நகரில் நிற்கிறது. பியத்ரோ தாக்கா வார்த்தது, மேலே இருப்பவர் நான்காம் பிலிப். முன்பாதி உள்ளே வெற்று, பின்பாதி கனம், வாலும் ஒரு தாங்கல். கலிலியோ யோசனை சொன்னார் என்று ஒரு மரபுச் செய்தி உண்டு. நம் சிற்பிகள் அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே கல்லில் எழுப்பிவிட்டார்கள். அவர்களுக்கு யோசனை சொன்னது யார் என்று எந்தக் கல்வெட்டும் பேசவில்லை.

கல்லோடு இது நிற்கவில்லை. குதிரை போதாத நாட்டில் குதிரையின் துள்ளலை மனிதர்கள் தங்கள் காலில் வாங்கிக்கொண்டார்கள். என் எண்ணமெல்லாம் வந்து சேர்கிற இடம் இதுதான்.

திருவரங்கத்தில் நம்பெருமாள் குதிரை வாகனத்தில் வையாளி கண்டருளுவார். வையாளி என்பது குதிரையை ஓட்டிக் காட்டும் வீதிவெளியாட்டம். அங்கே ஓடுவது யார்? தோளில் தண்டு சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்குகிறவர்கள். முன்னே பாய்ந்தோடி, சட்டென்று நின்று, பின்வாங்கி, வளைந்து, மறுபடி பாய்வார்கள். மேலே உலோகக் குதிரையின் கால் அசைவதில்லை. கீழே பல ஜோடி வெறுங்கால்கள் சேர்ந்து ஒரு குதிரையின் நடையை நடக்கின்றன. ஒருவர் அடி தவறினாலும் வாகனம் சாயும். இவ்வளவு பேர் ஒரே மூச்சாக விசையெடுத்து ஒரே மூச்சாக அடக்குவதைப் பார்க்கும்போது அருணகிரியாரின் கடிவாளமும் சாட்டையும் எனக்குக் கண்முன் வரும்.

தஞ்சைப் பக்கத்துப் பொய்க்கால் குதிரையில் இது ஒற்றை ஆளுக்குள் நடக்கிறது. இடுப்பில் கூடு, காலில் மரக்கட்டை, கையில் வார். இடுப்புக்கு மேலே அவர் ராஜா, இடுப்புக்குக் கீழே குதிரை. நையாண்டி மேளம் சூடேறும்போது அந்தக் கட்டைக்கால்களில் எழும்பிக் குதித்துத் தரையைத் தட்டுவார். கடிவாளத்தை இழுக்கிற கையும் அவருடையதே, இழுபட்டுத் திமிறுகிற உடம்பும் அவருடையதே.

பழனியில் துள்ளலின் வடிவம் காவடி. இங்கே யாரும் குதிரையை நினைப்பதில்லை, இடும்பனைத்தான் நினைப்பார்கள். சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளைத் தண்டின் இருமுனையிலும் கட்டித் தோளில் தூக்கி வந்தவன். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் நடந்து வருகிறவர்கள் அவன் சுமையைத்தான் தங்கள் தோளுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடி வருகிறது, எடப்பாடியிலிருந்து பெருங்கூட்டம் வருகிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து, பாதம் வெடித்து, அடிவாரம் வந்து சேர்ந்த ஒருவர் பம்பைச் சத்தம் கேட்டதும் ஆடத் தொடங்குவதை நெருங்கி நின்று பார்த்திருக்கிறேன். முதலில் குதிகால் மட்டும் எழும்புகிறது. பிறகு முழங்கால். காவடித் தண்டு தோளில் சுழலத் தொடங்குகிறது, கை அதைத் தொடுவதில்லை, கழுத்துத்தான் திருப்புகிறது. மயிற்பீலி ஒருபக்கம் சாய உடம்பு மறுபக்கம் எழும்பும். களைத்த உடம்புக்கு இந்தத் துள்ளல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு விடைதான் உண்டு: சுமை. தோளில் ஒன்றுமில்லாமல் அவர் வந்திருந்தால் அடிவாரத்து நிழலில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்.

விஜயதசமியன்று இந்த ஊரில் தங்கக் குதிரையும் புறப்படும். மலைக்கோயிலிலிருந்து பராசக்தி வேல் ஊருக்குள் பெரியநாயகி அம்மன் கோயிலுக்கு இறங்கி வர, அங்கிருந்து முத்துக்குமாரசுவாமி தங்கக் குதிரையேறிக் கோதைமங்கலம் போவார், கோதீஸ்வரர் கோயிலில் அம்பு போடுவார்கள். வேட்டைக்கும் வதத்துக்கும் மயில் போதாது, குதிரை வேண்டும் என்று யாரோ எப்போதோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்தக் குதிரையும் மனிதத் தோளில்தான் போகிறது.

நிஜக் குதிரை ஆடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஈரோடு மாவட்டத்து அந்தியூருக்குப் போக வேண்டும். ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் சந்தையில் மார்வாரியும் கத்தியவாரியும் நாட்டுக் குதிரைகளும் வந்து நிற்கும். மேளத்துக்கு ஆடும் குதிரைகளைச் சுற்றிக் கூட்டம் நெரியும். வாரை இருபக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டு தாளத்தைத் தட்டத் தட்ட, குதிரை நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி உயர்த்தி வைக்கும். சில குதிரைகள் முன்னங்காலைத் தூக்கி எழும்பும். மார்வாரியின் உள்நோக்கி வளைந்த காது நுனிகள் ஒன்றையொன்று தொடும்போது அதன் முகத்துக்கு வருகிற செருக்கு தனி. எல்லாமே அழகு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாயோரத்தில் இரத்தம் கசிய, கண்ணில் வெள்ளை தெரிய ஆடுகிற குதிரையும் அந்தக் கூட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது. செனோபன் சொன்ன சவுக்கடி நாட்டியம் அதுதான். தாளத்தைக் கேட்டதும் தானாகக் காதைத் திருப்பி, வார் தளர்ந்திருக்கும்போதே காலைத் தூக்குகிற குதிரையும் அங்கே உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேறுபாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல குதிரைக்காரர்கள் வெல்லத்தையும் கொள்ளையும் காட்டிப் பழக்குகிறார்கள். நாளுக்குக் கொஞ்ச நேரம்தான். களைத்தால் விட்டுவிடுவார்கள்.

பழனியின் மிகப் பழைய குதிரை எது என்று தேடினால் புறநானூற்றுக்குப் போக வேண்டும். இந்த ஊர் பொதினியாக இருந்த காலம், ஆவியர் குடியின் பேகன் ஆண்ட காலம். மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அவனைத் தெரியும். அதே கொடையைச் சொல்லிப் புகழும் பாட்டில் பரணர் அவனைக் ‘கலிமான்’ பேகன் என்று விளிக்கிறார். செருக்கும் துள்ளலும் உள்ள குதிரைகளுக்கு உரியவன் என்று பொருள். மயில் கதை நின்றுவிட்டது, குதிரை மறந்துபோயிற்று. பேகனைப் பாடிய அந்தப் பாட்டுகளின் சூழல் விசித்திரமானது. அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் இருக்கிறான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் தனித்தனியே வந்து அவனிடம் அந்தப் பெண்ணுக்காகப் பேசுகிறார்கள். பரிசில் தருகிறேன் என்கிறான். பொன்னும் பொருளும் வேண்டாம், எனக்குத் தருவதென்றால் உன் தேரில் குதிரைகளைப் பூட்டு, அவளிடம் போ என்கிறார் அரிசில்கிழார்.

துள்ளுகிற குதிரைக்குச் சொந்தக்காரனிடம் கேட்ட பரிசு இது. சங்கப் பாட்டில் குதிரையின் பெருமை போர்க்களத்தில் பாதிதான். மீதிப் பாதி மாலை மங்கும் நேரத்தில் வீட்டுக்குத் திரும்பும் தேரில் இருக்கிறது. அகநானூற்றில் குறுங்குடி மருதனார் பாடிய ஒரு தலைவன், வழியில் பூவில் மொய்க்கும் வண்டுகள் கலைந்துவிடக் கூடாதென்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு ஓட்டி வருகிறான். அந்தத் தேரை இழுத்து வந்த குதிரைகள் துள்ளியிருக்காது. துள்ளல் தெரிந்த குதிரைகள் துள்ளாமல் வந்திருக்கும். அதுவும் ஓர் ஆட்டம்தான், காலில் தெரியாத ஆட்டம்.

இதை எனக்குப் புரிய வைத்தவர் பழனியில் ஒரு குதிரை வண்டிக்காரர். 1928-இல் திண்டுக்கல்லிலிருந்து ரயில் வந்தது, 1966-இல் மலைக்கு வின்ச் வந்தது, 2004-இல் ரோப் கார் வந்தது. இத்தனைக்குப் பிறகும் தமிழ்நாட்டில் குதிரை வண்டி மிச்சமிருக்கிற சில ஊர்களில் பழனி ஒன்று. வெளியூர்ப் பிள்ளைகள் அதில் ஏறியே தீருவேன் என்று அடம்பிடிப்பதால் அது ஓடுகிறது. வண்டியில் பூட்டியிருப்பது பெரும்பாலும் மட்டக் குதிரை. சிற்பத்தில் பார்த்த உயரமோ செருக்கோ அதற்கு இல்லை. கண்ணுக்கு இருபக்கமும் தோல் மறைப்பு. சேணம் உராயும் இடத்தில் மயிர் தேய்ந்து பளபளக்கும். கழுத்துப் பட்டையில் சலங்கை. நெற்றியில் ஒரு பிளாஸ்டிக் பூ, பல நிறத்தில் குஞ்சம். தார் ரோட்டில் லாடம் விழும் ஒலி ஒரே சீராக வந்து, திருப்பத்தில் மட்டும் ஒரு தாளம் தப்பும், இரும்பு வழுக்கும் இடம் அது.

“இது துள்ளாதா அண்ணே?” என்று கேட்டேன்.

“துள்ளாம இருக்குமா தம்பி? குதிரையாச்சே. புதுசா வாங்கிட்டு வந்தா மூணு மாசம் வண்டியப் பக்கத்துல கொண்டுபோக முடியாது. மொதல்ல வெறும் வாரோட நடத்தணும், அப்புறம் பின்னால ஒரு கட்டையக் கட்டி இழுக்க விடணும். சத்தம் பழகணும். பஸ் ஆரன், பட்டாசு, கொட்டு எல்லாம் பழகணும். துள்ளுறத நாம எடுக்க முடியாதுங்க, எப்ப துள்ளக் கூடாதுன்னு அதுக்குப் புரிய வெக்கலாம். அவ்வளவுதான். வெடியால அவுத்து விட்டா வந்து பாருங்க.”

நான் போனேன். ஊருக்கு வெளியே ஒரு காலி மனை, கொஞ்சம் அறுகம்புல், குப்பை, கருவேலம். வாரைக் கழற்றியதும் அந்தச் சின்னக் குதிரை முதலில் மண்ணில் படுத்து இருபக்கமும் புரண்டது. எழுந்து உடம்பை உலுக்கியது. பிறகு ஒன்றுமில்லாததற்கு ஓர் ஓட்டம், நடுவே பின்னங்கால் இரண்டையும் சேர்த்து ஓர் உதை, கழுத்தை வளைத்து முன்னங்காலைத் தூக்கி ஒரு நிற்பு. சுற்றி வேறு குதிரை இல்லை, பெட்டையும் இல்லை. பார்க்க நாங்கள் இருவர்தான் இருந்தோம், எங்களை அது கண்டுகொள்ளவில்லை. வண்டிக்காரர் ஊறவைத்த கொள்ளை வாளியில் கொட்டிக்கொண்டே, “வயிறு நல்லாருந்தாத்தான் இது. ஒரு நாளைக்கு இது பண்ணலேன்னா அன்னைக்கு வண்டி கட்ட மாட்டேன்” என்றார். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. தீனி தப்பி வயிறு உப்பினால் உயிருக்கே ஆபத்து. அதனால் அவருக்கு அந்தத் துள்ளல் ஒரு நாடி பார்ப்பு.

அவருடைய வருத்தம் வேறிடத்தில் இருந்தது. கிரிவீதியில் தனியார் வண்டிகளுக்குத் தடை வந்தது 2024-இல், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை அடுத்து. நெரிசலைப் பார்த்தவர்கள் அந்தத் தடையைக் குறை சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் குதிரை வண்டிக்கு ஊருக்குள் நிற்க ஓரிடம் வேண்டும், அந்த இடத்தில் நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும். 1965-ஆம் ஆண்டின் சுமை விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் குதிரையின் வேலையைப் பற்றித் தெளிவாகவே பேசுகின்றன. நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடைவிடாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் ஊரில் நண்பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. முள் வைத்த கடிவாளம் கூடாது. பழனியில் சித்திரை வெயில் எப்படி அடிக்கும் என்று அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறியவர்களுக்குத் தெரியும். அந்த மூன்று மணி நேரம் குதிரை எங்கே நிற்பது? தார் ரோட்டின் மேல்தான் நிற்கிறது. விதி அதை அவிழ்த்துவிடச் சொல்கிறது, அவிழ்த்துக் கட்ட மரம் எங்கே என்பதைச் சொல்லவில்லை. அபராதம் விதிக்க வருகிறவர்கள் இதையும் ஒரு முறை கேட்க வேண்டும்.

2012-இலிருந்து நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிற கோயில் பழனிக் கோயில். மாட்டுக்கும் குதிரைக்கும் கல்தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்புவதை ஒரு தர்மமாகச் செய்த ஊர்கள் இந்தப் பாதை நெடுகிலும் இருந்திருக்கின்றன. ரயிலடியில் ஒரு தொட்டி, பேருந்து நிலையத்தருகே ஒரு தொட்டி, இரண்டு வேப்பமரம், அதனடியில் தார் போடாத மண்தரை. வண்டிக்காரர்கள் இவ்வளவுதான் கேட்கிறார்கள். இவ்வளவுக்கும் அடுத்தபடியாக அந்த வண்டிக்காரர் கேட்டது ஒன்றுண்டு, மார்க்கோ போலோ கேட்டிருந்தால் ஆமோதித்திருப்பார்.

“லாடம் அடிக்கிறவங்க கொறஞ்சுட்டாங்க தம்பி. மாட்டுக்கு அடிக்கிற ஆளு வேற, குதிரைக்கு அடிக்கிற ஆளு வேற. ஆணி ஒரு நூல் உள்ளாற போனா கால் போச்சு. எங்களுக்கு அடிச்சுக்கிட்டிருந்த பெரியவருக்கு இப்பக் கண்ணு தெரியல. அவரு மகன் கம்பெனி வேலைக்குப் போயிட்டாரு.”

குளம்பின் வெளிவிளிம்பு நகம்போல உணர்வற்றது. அதற்குச் சற்று உள்ளே உயிருள்ள சதை. ஆணியைச் சாய்வாகக் கொடுத்து, அது வெளிச்சுவர் வழியே எட்டிப் பார்க்கும்படி அடித்து, நுனியைத் திருகி மடக்க வேண்டும். அடிக்கும்போதே ஓசையில் இடம் தெரியும் என்கிறார்கள். சாலையில் ஓடும் குதிரைக்குச் சில வாரங்களில் லாடம் தேய்ந்துவிடும், மறுபடி அடிக்க வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989 முதல் இருக்கிறது. கோழி வளர்ப்புக்கும் ஆடு வளர்ப்புக்கும் அது நடத்துகிற குறுகிய காலப் பயிற்சிகளைப் போல, குதிரை லாடத்துக்கும் ஒன்றை நடத்தலாம். கண் மங்கிய அந்தப் பெரியவரைப் போன்றவர்களின் கை இன்னும் சொல்லித்தரும் நிலையில்தான் இருக்கிறது. பழனியிலும் அந்தியூரிலும் கற்றுக்கொள்ள இளைஞர்கள் கிடைப்பார்கள், அந்தத் தொழிலில் இரண்டு வேளைச் சோறு நிச்சயம் என்று தெரிந்தால்.